நாற்பது இலை, ஒரு செடி

"சிஸ்டர், நாற்பதும் ஒண்ணு" என்றாள் குந்தவி.

சிஸ்டர் அமலோற்பவம் கையிலிருந்த சோதனைக் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எது நாற்பது? எது ஒண்ணு?"

குந்தவி இரண்டு படங்களை மேசைமேல் வைத்தாள். கறுப்பில் வெள்ளைக் கோடுகள். நாற்பது மரங்களில் பறித்த நாற்பது இலைகள், நாற்பது தடங்கள். எல்லாத் தடத்திலும் கோடுகள் ஒரே உயரத்தில் விழுந்திருந்தன. சீருடை போட்ட பிள்ளைகள் காலை ஜெபத்துக்கு நிற்பதுபோல.

"அழகா இருக்கு" என்றார் சிஸ்டர்.

"அழகா? சரிவே போச்சு, நீ அழகுங்கற."

அந்த மலைக் கல்லூரிக்குப் பின்னால் ஒரு சரிவு. சரிவு முழுக்கச் சோலைக்காடு. காட்டின் ஓரமாகச் சிலுவைப் பாதை ஏறுகிறது. இயேசுவின் பாடுகளைக் காட்டும் பதினான்கு நிலைகள், உச்சியில் ஒரு சிற்றாலயம். அங்கே மரக்கிளைகளில் வெள்ளையாக ஒரு ஆர்க்கிட் பூக்கும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் பூப்பதால் ஊரார் அதற்குக் கல்வாரிப் பூ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வேறு மலையில் அது இருப்பதாக யாரும் சொன்னதில்லை.

இப்போது அந்தச் சரிவு வழியாகச் சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள். சாலைத் துறை அதிகாரி ஒரு வரைபடம் அனுப்பியிருந்தார். இந்தப் பூ அழியாமல் இருக்க எவ்வளவு காடு வேண்டும் என்று அதில் குறித்துக் கொடுங்கள், வெள்ளிக்கிழமைக்குள்.

அன்று திங்கள்.

செடிக்குச் செடி டி.என்.ஏ.யில் மாறுபடும் இடங்கள் சில உண்டு. அவற்றுக்கு மார்க்கர் என்று பெயர். அந்த டி.என்.ஏ.யை ஜெல் என்னும் கூழ்ப்பலகையில் ஓட்டினால், வேறு செடியின் கோடு வேறு உயரத்தில் விழும். நாற்பதும் ஒரே மாதிரி விழுந்தால், நாற்பது மரத்திலும் இருப்பது ஒரே செடி. ஒரே செடிக்கு ஒரு மரம் போதும். மற்றதை வெட்டிக்கொள்ளலாம்.

"தண்ணி எந்தத் தடம்?" என்று கேட்டார் சிஸ்டர்.

குந்தவி காட்டினாள். இலைச்சாறு எதுவும் போடாமல் வெறும் தண்ணீர் ஓட்டிய தடம். அதில் ஒன்றும் இல்லை. சுத்தமான கறுப்பு.

"அப்போ கை சுத்தம்."

"எத்தனை மார்க்கர் போட்டேன் தெரியுமா? பன்னிரண்டு. பன்னிரண்டும் இதையேதான் சொல்லுது. இன்னும் ஆறு போட்டுப் பார்க்கட்டுமா?"

"பன்னிரண்டு பேர் ஒரே பதில் சொல்றாங்க. பதிமூணாவது ஆளைத் தேடற."

"இல்லேன்னா 'மேலும் ஆய்வு தேவை'ன்னு எழுதிடறேன்."

"எழுது. அவங்க மேலும் சாலை தேவைன்னு எழுதுவாங்க."

*

குந்தவியும் சிஸ்டரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ஒருத்தி கன்னியர் மடத்துக்குப் போனாள், ஒருத்தி கல்யாணத்துக்கு. பதிமூன்று வருஷம் கழித்து குந்தவி இரண்டு வயது மகளோடு ஆராய்ச்சிக்குத் திரும்பி வந்தபோது, வழிகாட்டியின் நாற்காலியில் அமலோற்பவம் உட்கார்ந்திருந்தார்.

முதல் நாள் "நீங்க, வாங்க" என்றாள் குந்தவி. வேறு ஆள் இருக்கும்போது அது நீடித்தது. ஆள் இல்லாதபோது "நீங்க" உதிர்ந்துவிட்டது. "சிஸ்டர்" மட்டும் ஒட்டிக்கொண்டது.

*

செவ்வாய்க்கிழமை காலை குந்தவி வந்தபோது, ஜன்னலோரத்து ஆர்க்கிட் தொட்டி மேசைக்கு வந்திருந்தது. அவள் ஆராய்ச்சியில் சேர்ந்த அன்று சிஸ்டருக்குக் கொடுத்த செடி. அடித்தண்டு ஐந்தாறு குமிழ்களாகப் பெருத்து, தொட்டி விளிம்பைத் தாண்டிக்கொண்டிருந்தது.

சிஸ்டர் கத்தியை எடுத்தார்.

"என்ன பண்ற?"

சிஸ்டர் வெட்டினார். ஒரு வெட்டு. இன்னொரு வெட்டு. இன்னொன்று. நான்கு துண்டுகளை நான்கு தொட்டியில் வைத்தார்.

"அது நான் உனக்குக் குடுத்தது!"

"எத்தனை செடி?"

"நாலு. நாசமாக்கிட்ட."

"எண்ணிப் பார்த்துச் சொல்லு."

குந்தவி நான்கு தொட்டிகளையும் பார்த்தாள்.

"ஒண்ணு" என்றாள்.

"நாலுன்னியே?"

"பார்க்க நாலா இருக்கு. உள்ளுக்குள்ள ஒண்ணுதான். சிஸ்டர், இது எனக்குத் தெரியாதா? முதல் வருஷப் பிள்ளைக்கு நடத்தற மாதிரி நடத்தற. பத்தாம் வகுப்புல உன் ரெக்கார்டு நோட்டுக்குப் பூவெல்லாம் வரைஞ்சு குடுத்தது நான்."

"நல்லாத்தான் வரைஞ்ச. பதினெட்டு மார்க் வாங்கினேன்."

சிஸ்டர் கத்தியைக் கழுவித் துடைத்தார்.

"இதை வெட்டினது நான். சரிவுல வெட்டினது யாரு?"

"யாரு?"

"எனக்கென்ன தெரியும்? ஜெல் சொல்லுது, யாரோ வெட்டியிருக்காங்கன்னு. பேர் சொல்லல."

குந்தவி குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

*

சிலுவைப் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை நோயிலிருந்து பிழைத்தால், பிரசவம் நல்லபடி முடிந்தால், தாய் வந்து கல்வாரிப் பூவின் ஒரு குமிழை மரத்தில் கட்டிவிட்டுப் போவாள். அது அங்கேயே வேர்விட்டுச் செடியாகும். நேர்ச்சைப் பூ என்பார்கள். எல்லா மதத்துப் பெண்களும் கட்டுவார்கள்.

இது குந்தவிக்குத் தெரியும். கட்டுவது நிலைகளுக்குப் பக்கத்தில் நிற்கும் பதினான்கு மரங்களில்தான் என்பதும் தெரியும். அதனால்தான் அந்தப் பதினான்கையும் தொடாமல், நிலைகளுக்கு நடுவில் உள்ள மரங்களாகப் பார்த்து இலை பறித்தாள். அந்தக் கவனத்தை அறிக்கையில் ஒரு பத்தி முழுக்கப் பெருமையாக எழுதியும் வைத்திருந்தாள்.

உபதேசியார் வியாகுலம் ஏழாம் நிலையில் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கோயில் மணி அடிப்பதும் நேர்ச்சைப் பூ கட்டிக்கொடுப்பதும் அவர் வேலை. பக்கத்தில் அவருடைய மூங்கில் ஏணி.

"உபதேசியாரே, நேர்ச்சைப் பூவைப் பதினாலு மரத்துல மட்டும்தானே கட்டுவீங்க?"

அவர் சுரண்டுவதை நிறுத்தினார்.

"ஏம்மாடி, இந்த ஊர்ல பிள்ளை பெத்தவங்க பதினாலு பேருதானா?"

குந்தவி அங்கேயே படியில் உட்கார்ந்தாள்.

"பதினாலும் எங்கப்பா காலத்துலயே நிறைஞ்சுபோச்சு. அப்புறம் பக்கத்து மரம். அதுக்கும் பக்கத்து மரம். ஏணி எங்கெல்லாம் நிக்குமோ அங்கெல்லாம் கட்டியிருக்கேன். இந்தா பாரு."

ஏணியைச் சாய்த்து ஏறி, ஒரு செடியின் வேரை விலக்கிக் காட்டினார். குமிழைக் கட்டிய தாமிரக் கம்பி, மரப்பட்டைக்குள் பாதி புதைந்து.

அது அவளுடைய இருபத்திரண்டாம் எண் மரம்.

"குமிழ் எதுலேருந்து வெட்டுவீங்க?"

"கோயில் முன்னால பேரிக்காய் மரத்துல இருக்கே, அதுலேருந்துதான்."

"எப்பவும் அதுலேருந்தா?"

"வேற எதுல வெட்டுறது? மத்ததெல்லாம் ஏற்கெனவே யாரோ ஒருத்தி நேர்ந்துக்கிட்டது. ஒரு தாய் தன் பிள்ளைக்குன்னு கட்டினதுல இன்னொருத்திக்காகக் கத்தி வைக்கலாமா?"

குந்தவி முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று உபதேசியாருக்குத் தெரியவில்லை.

"நான் நாற்பதுலயும் இலை பறிச்சுட்டேன்" என்றாள்.

"ஒரு இலைதானே? எந்தத் தாயும் கோவிச்சுக்க மாட்டா."

"உபதேசியாரே, உங்க ஏணி நிக்காத இடத்துல இந்தப் பூ இருக்கா?"

அவர் ஓடைப் பக்கம் கையைக் காட்டினார். பாதை அந்தப் பக்கம் போவதில்லை.

"ஓடையைத் தாண்டி நிறைய இருக்கும்னு எங்கப்பா சொல்லுவாரு. நான் போனதில்ல. காட்டெருமை."

*

"யாருன்னு தெரிஞ்சுது" என்றாள் குந்தவி.

சிஸ்டர் கேட்டு முடித்தார். வெகுநேரம் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நாளைக்கு ஓடையைத் தாண்டு."

"வேற யாரையாவது அனுப்பு."

"ஆய்வு யாரோடது?"

"எனக்குப் பயமா இருக்கு, சிஸ்டர்."

"ம்."

"ம் இல்ல. நீ தனி ஆளு. என் பிள்ளைக்கு ரெண்டு வயசு. அவ அப்பா கப்பல்ல இருக்கார், வருஷத்துல எட்டு மாசம். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவளுக்கு யாரு? மாடிப்படி இறங்கறப்பகூட நான் சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்கறேன், தெரியுமா? முன்னெல்லாம் ஓடுவேன்."

"தெரியும். பார்த்திருக்கேன்."

"நாற்பது இலையும் ஏன் பாதையோரமாவே பறிச்சேன்னு நினைக்கற? மரமெல்லாம் வசதியா இருந்துச்சுன்னு எழுதியிருக்கேன். பாதையை விட்டு ஒரு அடி வைக்கல. அதான் நிஜம்."

சிஸ்டர் எழுந்து அலமாரியைத் திறந்தார். ரப்பர் பூட்ஸை எடுத்து வைத்தார். ஒரு துணிப்பை, உப்பும் புகையிலைத் தூளும் கலந்தது.

"இது அட்டைப்பூச்சி ஏறாம இருக்க. காட்டெருமை நின்னா நீயும் நில்லு. ஓடாதே, பேசாதே. அதுக்கு உன்மேல ஒரு ஆசையும் இல்ல."

"பிள்ளைக்கு?"

"பிள்ளைக்கு நான்."

"உனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியுமா?"

"ஏழு மாசமா உன்னை வளர்க்கலையா?"

குந்தவி பூட்ஸைக் காலில் போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"பயம் போகல" என்றாள்.

"அதையும் கூட்டிட்டுப் போ. வீட்ல விட்டா பிள்ளையை அழ வைக்கும்."

*

புதன்கிழமை காலை உபதேசியார் ஏணியோடு வந்தார். கடைசித் தாமிரக் கம்பி உள்ள மரம்வரை கூடவே நடந்தார். அங்கே நின்றுவிட்டார்.

"என் கை இதோட சரி. நீ போ. நான் இங்கேருந்து அப்பப்பக் கூப்பிடுவேன். பதில் சொல்லணும்."

ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர். குந்தவி இறங்கினாள், ஏறினாள். ஓடைக்கு அந்தப் பக்கம் மரங்கள் குட்டையாக, கோணலாக நின்றன. பாசி தொங்கியது. தலைக்கு மேல் எட்டும் உயரத்திலேயே பூ.

முதல் இலையைப் பறித்துக் காகித உறையில் போட்டு எண் எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது.

"அம்மாடி! இருக்கியா?"

"இருக்கேன்!"

இரண்டாம் இலை. ஒன்பதாம் இலை. எழுத்து நேரானது.

"இருக்கியா?"

"இருக்கேன்! கத்தாதீங்க!"

பதினேழாம் மரத்தடியில் எழுதிக்கொண்டிருந்தபோது யாரோ பெருமூச்சு விட்டார்கள். குந்தவி நிமிர்ந்தாள். இருபது அடியில் காட்டெருமை. நான்கு காலும் வெள்ளைக் காலுறை போட்டதுபோல. வாயில் புல்.

அவள் நின்றாள். அதுவும் நின்றது.

"அம்மாடி! இருக்கியா?"

அவள் பேசவில்லை.

"அம்மாடி!"

காட்டெருமை ஒரு காதை ஆட்டியது. மென்றது. அவளைப் பார்த்துக்கொண்டே மென்றது. குந்தவியின் கை அந்தப் பதினேழாம் உறையை விடவில்லை.

ஓடையில் தடால் என்று ஒரு சத்தம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேறும் தண்ணீருமாக, கையில் ஒன்றும் இல்லாமல் உபதேசியார் மேலே ஏறி வந்தார். "மாதாவே! மாதாவே!" என்று அவர் போட்ட கூச்சலில் காட்டெருமை திரும்பிப் புதருக்குள் போய்விட்டது. அவசரம் எதுவும் காட்டாமல்தான் போனது.

"ஏன் பதில் சொல்லல?" என்று கத்தினார் அவர்.

"பேசக் கூடாதுன்னு சிஸ்டர் சொன்னாங்க."

"எனக்கு யாரு சொன்னா? என் உசிரே போச்சு!"

"ஏணி எங்கே?"

"ஏணியாவது கோணியாவது."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபின்தான் உபதேசியார் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இது எங்க பூ இல்லையே" என்றார்.

"அதேதான், உபதேசியாரே."

"நான் கட்டுறதுக்குத் தொண்டை மஞ்சளா இருக்கும். இதுக்குத் தொண்டையே வெள்ளை. அதோ அது காப்பிப்பொடி நிறம். அது என்ன, இத்துனூண்டு?"

"எல்லாம் கல்வாரிப் பூதான்."

"அறுபது வருஷமா அம்பது அடி தள்ளி நின்னிருக்கேன்" என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவர் கிளையை வளைத்துப் பிடித்தார், குந்தவி இலை பறித்தாள். முப்பத்தாறு இலைகள். காலில் ஏறிய அட்டைகள் அதற்கு மேல்.

*

வியாழக்கிழமை முழுக்க அவள் இலைகளை அரைத்தாள். ஆர்க்கிட் இலை வெண்டைக்காய்போல வழவழக்கும். அந்த வழவழப்பை நீக்கினால்தான் டி.என்.ஏ. கிடைக்கும். கழுவினாள், சுழற்றினாள், மறுபடி கழுவினாள். சிஸ்டர் இடுப்பில் குந்தவியின் மகளோடு வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். பிள்ளையின் கையில் சிஸ்டரின் ஜெபமாலை, வாயில் அதன் சிலுவை.

வெள்ளிக்கிழமை காலை ஜெல்லை எடுத்துக்கொண்டு இருவரும் இருட்டறைக்குள் போனார்கள்.

குந்தவி விளக்கைப் போட்டாள். ஊதா வெளிச்சம்.

முதல் தடத்தில் கோயில் முன்னால் உள்ள பேரிமரத்துச் செடி. அதன் கோடுகளை அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். அடுத்த தடத்திலிருந்து முப்பத்தாறு இலைகள்.

அவள் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் போனாள். சில கோடுகள் எல்லாவற்றுக்கும் பொது. மற்றவை மேலே ஒன்று, கீழே ஒன்று, இங்கே இல்லை, அங்கே இரண்டு. கடைசித் தடம்வரை போய்விட்டு மறுபடி முதலிலிருந்து வந்தாள்.

கடைசியில் தண்ணீர்த் தடம். சுத்தமான கறுப்பு.

"முப்பத்தாறும் முப்பத்தாறு" என்றாள். "சிஸ்டர், ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல."

"அழகா இருக்கு" என்றார் சிஸ்டர்.

வெளியே வந்து குந்தவி வரைபடத்தை விரித்தாள். அதிகாரியிடமிருந்து முந்தின நாள் தொலைபேசி வந்திருந்தது. நல்ல செடி உள்ள மரமாகப் பத்து குறித்துக் கொடுத்தால் அந்தப் பத்தையும் விட்டுவிடுகிறோம் என்று சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

பென்சில் வரைபடத்தின்மேல் நின்றது. இறங்கவில்லை.

"பத்து மரம்தானாம். எதைக் குறிக்கட்டும்? பெரிய பூ உள்ளதா? நிறைய பூக்கறதா? நீ எனக்கு வழிகாட்டி, நீ சொல்லு. இதுல எது பலமான செடி? எது பிழைக்கும்?"

"சொல்றேன்" என்றார் சிஸ்டர். "அதுக்கு முன்னால நீ எனக்கு ஒண்ணு சொல்லு. என்ன வரப்போகுது?"

"எங்கே?"

"இந்தச் சரிவுக்கு. மழை நின்னுபோகுமா, நிக்காம கொட்டுமா? பூஞ்சை வருமா, பனி வருமா, தீ பிடிக்குமா? எது வரும், எந்த வருஷம் வரும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"அதை நீ சொல்லு. எந்தச் செடி பிழைக்கும்னு நான் சொல்லிடறேன்."

குந்தவி முப்பத்தாறு உறைகளையும் ஒருமுறை பார்த்தாள்.

பிறகு பென்சிலை ஊன்றி, ஓடைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று பார்க்காமல், சரிவு முழுவதையும் சுற்றிக் கையெடுக்காமல் ஒரே கோடாக இழுத்தாள்.